எச்61 போர்டில் 16 ஜிபி: ரேம் வாங்கும் முன் லேபிளில் படிக்க வேண்டியது

கம்ப்யூட்டர் பெட்டியின் விவரம்: இன்டெல் எச்61 சிப்செட் மதர்போர்டு, 1155 சாக்கெட், கோர் ஐ5-3470 ப்ராசசர், டிடிஆர்3 1333 ரேம் 4 ஜிபி ஒன்று, பக்கத்து ஸ்லாட் காலி. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி ஏற்கெனவே போட்டாயிற்று. அப்படியும் குரோமில் பத்துப் பதினைந்து டேப், கூடவே டேலி, ஒரு பெரிய எக்செல் ஷீட் என்று திறந்தால் மெஷின் திணறுகிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது, எஸ்எஸ்டி ஓயாமல் ஓடுகிறது. ரேம் பற்றாக்குறை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இரண்டு ஸ்லாட்டிலும் 8 ஜிபி வீதம் போட்டு 16 ஜிபி ஆக்குவதுதான் வேலை. கேட்க எளிது. ஆனால் கடையில் போய் "டிடிஆர்3, 8 ஜிபி, 1600" என்று மட்டும் சொன்னால் அந்த விவரத்துக்குப் பொருந்துகிற நாலு விதமான சரக்கு கைக்கு வரும். நாலும் ஒரே நீளம், நாலுக்கும் 240 பின், நாலிலும் வெட்டு ஒரே இடத்தில். நாலும் இந்த போர்டு ஸ்லாட்டில் கிளிக் என்று உட்காரும். ஓடுவது இரண்டுதான். மற்ற இரண்டும் ஏன் ஓடாது என்பதற்கான விடை ஜிபியிலும் இல்லை, மெகாஹெர்ட்ஸிலும் இல்லை. ஒன்றில் ரேமில் ஒட்டியிருக்கும் மெமரி சிப்பின் அகலத்தில் இருக்கிறது, இன்னொன்றில் நடுவில் இருக்கும் ஒரு கூடுதல் சிப்பில் இருக்கிறது.

போர்டு எதை ஏற்கும்

எச்61 சிப்செட் 2011 பிப்ரவரியில் வந்தது. ப்ராசசருக்கும் ரேமுக்கும் இடையே இரண்டு டேட்டா பாதை, அதாவது சேனல்; எச்61-ல் ஒரு சேனலுக்கு ஒரு ஸ்லாட், ஆக மொத்தம் இரண்டு ஸ்லாட். ஆனால் இந்தத் தலைமுறையில் ரேமை நேரடியாகக் கையாள்வது சிப்செட் அல்ல. மெமரி கன்ட்ரோலர் ப்ராசசருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே மதர்போர்டு மேனுவலை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் பாதி விவரம்தான் கிடைக்கும். ப்ராசசரின் விவரப் பக்கத்தையும் இன்டெல் தளத்தில் திறந்து பார்க்க வேண்டும். ஐ5-3470 டிடிஆர்3 1333, 1600 இரண்டையும் ஏற்கும், இரட்டைச் சேனல், அதிகபட்சம் 32 ஜிபி. அந்த 32 என்பது நாலு ஸ்லாட் உள்ள போர்டுகளுக்கான கணக்கு. இங்கே இரண்டே ஸ்லாட் என்பதால் 16தான் உச்சம்.

ஒரே ரேமில் 16 ஜிபி உள்ள டிடிஆர்3 வாங்கி ஒரு ஸ்லாட்டை மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். அந்த வகை ரேமில் ஒவ்வொரு சிப்பும் 8 கிகாபிட். இந்தக் கன்ட்ரோலர் 4 கிகாபிட் சிப் வரைக்கும்தான் அறியும். அதனால் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி என்பதே எல்லை.

இதே போர்டில் ஐ3-2100 இருந்தால் 1600 ரேம் போட்டாலும் 1333-ல்தான் ஓடும். செலரான் ஜி530 இருந்தால் 1066. ரேமில் குற்றம் இல்லை, ப்ராசசரின் எல்லை அவ்வளவுதான். 1600 ரேம் மெதுவாகவும் ஓடத் தெரிந்தது, எனவே வாங்கியது வீணாகாது.

மதர்போர்டு கம்பெனி வெளியிடும் சோதித்த ரேம் பட்டியல் புதிய போர்டுகளுக்கு உதவும். பத்து வருடத்துக்கும் மேல் பழைய எச்61-க்கு அது பெரும்பாலும் பழங்கணக்கு. பட்டியலில் உள்ள மாடல்கள் கடையில் இல்லை. பட்டியலில் இல்லாதவை நன்றாகவே ஓடுகின்றன. அதில் இல்லை என்பதற்காக ஒரு ரேமை ஒதுக்க வேண்டியதில்லை.

சிப் கணக்கு

டெஸ்க்டாப் ரேமின் டேட்டா பாதை 64 பிட் அகலம். ரேமில் உள்ள ஒவ்வொரு சிப்பும் இதில் ஒரு பங்கைத் தரும். 8 பிட் தரும் சிப்பை எக்ஸ்8 என்பார்கள். அப்படி எட்டு சேர்ந்தால் 64. அந்த எட்டும் சேர்ந்தது ஒரு ரேங்க். ஒரு சிப்பின் கொள்ளளவு 4 கிகாபிட் என்றால் எட்டு சிப்பில் 32 கிகாபிட், அதாவது 4 ஜிபி. இன்னொரு எட்டை மறுபக்கம் ஒட்டினால் இரண்டாவது ரேங்க், மொத்தம் 8 ஜிபி. இதுதான் 2ஆர்எக்ஸ்8: இரண்டு ரேங்க், 8 பிட் சிப்.

4 பிட் மட்டும் தரும் எக்ஸ்4 சிப்பும் உண்டு. 64 பிட் நிரப்ப அதில் பதினாறு வேண்டும். ஒவ்வொன்றும் 4 கிகாபிட் என்றால் பதினாறு சேர்ந்து அதே 8 ஜிபி. ஆனால் ரேங்க் ஒன்றுதான். இது 1ஆர்எக்ஸ்4.

இங்கேதான் கண் ஏமாறும். 2ஆர்எக்ஸ்8 ஆனாலும் 1ஆர்எக்ஸ்4 ஆனாலும் முன்பக்கம் எட்டு சிப், பின்பக்கம் எட்டு சிப். எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்களின் கன்ட்ரோலர் எக்ஸ்8, எக்ஸ்16 சிப்புகளுக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டது. 4 கிகாபிட் எக்ஸ்8 சிப்பில், டேட்டா இருக்கும் இடத்தைச் சொல்லும் நெடுவரிசை முகவரிக்கு 10 பிட் போதும். எக்ஸ்4-ல் 11 பிட் வேண்டும். அந்தப் பதினொன்றாவது பிட்டை இந்தக் கன்ட்ரோலர் அனுப்பவே அனுப்பாது. விளைவு, டிஸ்ப்ளே வராது. அதே காலத்து ஏஎம்டி போர்டுகள் பலவற்றில் இது ஓடும். ஆன்லைன் கடைகளில் "ஏஎம்டிக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் போட்டு மலிவாக விற்கும் டிடிஆர்3 ரேமின் ரகசியம் இவ்வளவுதான். பொடி எழுத்தைக்கூடப் போடாமல் விற்பவர்களும் இருக்கிறார்கள்.

மேசையில் நாலு ரேம்

முதலாவது, பிராண்டட் ஆபீஸ் பிசியிலிருந்து கழற்றிய எஸ்கே ஹைனிக்ஸ். லேபிளில் இப்படி: 8ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-12800யூ-11-11-பி1. இந்த ஒரு வரியில் தேவையானது அத்தனையும் இருக்கிறது. பிசி3 என்றால் 1.5 வோல்ட் டிடிஆர்3. 12800 என்பது நொடிக்கு எத்தனை மெகாபைட் என்ற கணக்கு. 8 ஆல் வகுத்தால் 1600. ஒட்டி வரும் யூ என்ற எழுத்து, இடையில் பஃபர் இல்லாத சாதாரண டெஸ்க்டாப் ரேம் என்று சொல்கிறது. அடுத்த 11 சிஎல் எண், அதாவது கேட்டதும் பதில் தர எத்தனை சுழற்சி என்ற கணக்கு. அதற்கடுத்த 11 வேகம் அல்ல, ரேம் தன் விவரங்களைத் தன்னிலேயே பதிந்து வைத்திருக்கும் எஸ்பிடி தகவலின் பதிப்பு எண். பலர் இதையும் டைமிங் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் உள்ள பி1-ல் 'பி' என்பது அச்சுப் பலகையின் வடிவம். ஏ என்றால் ஒரு ரேங்க் எக்ஸ்8, பி என்றால் இரண்டு ரேங்க் எக்ஸ்8, சி என்றால் ஒரு ரேங்க் எக்ஸ்16. இந்தத் தலைமுறை இன்டெல் ப்ராசசர் ஏற்பது இந்த மூன்று வடிவங்களைத்தான். 2ஆர்எக்ஸ்8 என்ற இடம் கிழிந்து போயிருந்தாலும் வரியின் கடைசி எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, குரூஷியல் சிடி102464பிடி160பி. இது டிடிஆர்3எல், 1.35 வோல்ட் ரகம். லேபிளில் பிசி3எல் என்று இருக்கும். எச்61 போர்டு கொடுப்பது 1.5 வோல்ட். டிடிஆர்3எல் இரண்டு வோல்ட்டிலும் ஓடும்படி செய்யப்பட்டது, ஆகவே தாராளமாகப் போடலாம். எதிர்த்திசையில்தான் ஆபத்து: 1.35 வோல்ட் மட்டும் தரும் லேப்டாப்களிலும், ஆறாம் தலைமுறை ப்ராசசருக்கான சில டிடிஆர்3எல் போர்டுகளிலும் 1.5 வோல்ட் ரேமைச் செருகக்கூடாது.

மூன்றாவது, சர்வரிலிருந்து வந்தது. 8ஜிபி 1ஆர்எக்ஸ்4 பிசி3எல்-12800ஆர். எண்ணுக்குப் பின்னால் யூ இல்லை, ஆர் இருக்கிறது. ரெஜிஸ்டர்டு வகை, அதாவது இடையில் பஃபர் உள்ளது. பக்கத்துக்கு ஒன்பது மெமரி சிப், நடுவில் அளவில் வேறுபட்ட ஒரு சின்ன சிப், அதுதான் ரெஜிஸ்டர். எச்61-ல் மட்டுமல்ல, எந்தச் சாதாரண டெஸ்க்டாப் இன்டெல் போர்டிலும் இது ஓடாது. ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், போர்டு எரியாது, திரை கருப்பாகவே இருக்கும். செகண்ட் ஹேண்ட் சந்தையில் சர்வர் ரேம் குவிந்து கிடப்பதாலும் பாதி விலைக்குக் கிடைப்பதாலும் இது அடிக்கடி வந்து மாட்டும். யூவுக்குப் பதில் இ என்று இருந்தால் அது ஈசிசி (பிழை திருத்தும் வசதி) உள்ள, பஃபர் இல்லாத ரேம். சில டெஸ்க்டாப் போர்டுகளில் ஈசிசியைப் புறக்கணித்துவிட்டு ஓடும், சிலவற்றில் ஓடாது. கையில் இருந்தால் போட்டுப் பார்க்கலாம், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

நாலாவதுதான் வில்லங்கம். புத்தம் புதியது, பளபளக்கும் அட்டைப் பெட்டி, கேள்விப்படாத பெயர். லேபிளில் 8ஜிபி, டிடிஆர்3, 1600, 1.5 வோல்ட், "டெஸ்க்டாப்". ரேங்க் இல்லை, அகலம் இல்லை, பிசி3 வரி இல்லை. பக்கத்துக்கு எட்டு சிப். இப்படி லேபிள் வாய் திறக்காதபோது சிப்பையே படிக்க வேண்டும். மொபைல் கேமராவில் பக்கவாட்டு வெளிச்சம் வைத்து பெரிதாக்கிப் பார்த்தால் லேசர் எழுத்து தெரியும். இதில் தெரிந்தது கே4பி4ஜி0446. சாம்சங் எண்முறையில் 4ஜி என்பது 4 கிகாபிட். அதற்கடுத்த 04 என்பது அகலம், அதாவது எக்ஸ்4. அந்த இடத்தில் 08 இருந்து, கே4பி4ஜி0846 என்று வந்திருந்தால் எக்ஸ்8, கவலையில்லை. ஹைனிக்ஸ் சிப்பில் எச்5டிக்யூ4ஜி83 என்றால் எக்ஸ்8, எச்5டிக்யூ4ஜி43 என்றால் எக்ஸ்4. க்யூவுக்குப் பதில் சி இருந்தால் 1.35 வோல்ட். மைக்ரான் சிப்பில் டி9 என்று தொடங்கும் சுருக்கக் குறியீடு மட்டும் இருக்கும். அதை மைக்ரான் தளத்தில் உள்ள தேடுபெட்டியில் கொடுத்து முழு எண்ணை எடுக்கலாம்.

ஒரு இலக்கம்தான் வித்தியாசம், 0446-க்கும் 0846-க்கும். இந்த போர்டில் போட்டால் ஃபேன் சுற்றும், ஸ்பீக்கர் பீப் அடிக்கும், திரை எழும்பாது. நாலாவது ரேம் உடனே திருப்பி அனுப்ப வேண்டியது.

ஆக, முதலாவதும் இரண்டாவதும் தேறின. ஒன்று 1.5 வோல்ட், ஒன்று 1.35, இரண்டும் 8 ஜிபி, 2ஆர்எக்ஸ்8, 1600, சிஎல் 11. கம்பெனி வேறாக இருப்பது தடையே அல்ல. ஒரே பிராண்டு ஜோடி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அதற்காக இரண்டு மடங்கு விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. கொள்ளளவு, ரேங்க், அகலம், வேகம் ஒத்துப்போனால் போதும்.

புதிதாகவே வாங்குவதென்றால் கிங்ஸ்டன் கேவிஆர்16என்11/8 போன்ற எண்ணைக் கேட்டு வாங்கலாம். 16 என்பது 1600, என் என்பது ஈசிசி இல்லாத டெஸ்க்டாப் ரேம், 11 சிஎல், கோட்டுக்குப் பின் 8 ஜிபி. 1.35 வோல்ட் ரகத்தில் எல்என் என்று வரும்.

ஜி41 போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிடிஆர்3 ஏற்கும் ஜி41-ல் கதை இன்னும் இறுக்கம்: அந்தச் சிப்செட் 2 கிகாபிட் சிப் வரைதான் அறியும். 4 ஜிபி ரேம் போட வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு சிப் உள்ள 2ஆர்எக்ஸ்8 ஆக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப் உள்ள 4 ஜிபி ரேமில் சிப் ஒவ்வொன்றும் 4 கிகாபிட். அது ஜி41-ல் சரியாக வராது. "எச்61-ல் ஓடுகிற ரேம் ஜி41-ல் ஓடவில்லை, ரேம் போய்விட்டது" என்று சொல்லப்படும் பல கேஸ்களில் ரேம் நன்றாகத்தான் இருக்கிறது.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம்

1333 சிஎல் 9 ரேமையும் 1600 சிஎல் 11 ரேமையும் வைத்து, எது சீக்கிரம் பதில் தரும் என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ சமம். 9-ஐ 666.7 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் 13.5 நானோ செகண்ட்; 11-ஐ 800-ஆல் வகுத்தால் 13.75. சிஎல் எண் கூடியிருப்பதால் மெதுவான ரேம் என்று எண்ண வேண்டாம். 1600-ன் லாபம் டேட்டா அளவில்தான்: ஒரு சேனலுக்கு நொடிக்கு 12.8 ஜிபி, இரட்டைச் சேனலில் 25.6.

அந்த இரட்டைச் சேனல்தான் உண்மையான லாபம். பெட்டியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. ஐ5-3470-ன் எச்டி 2500 கிராஃபிக்ஸ் இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. பழைய 4 ஜிபியை வைத்துக்கொண்டு 8 ஜிபி ஒன்று மட்டும் சேர்த்தால் என்ன ஆகும்? ஓடும். இரண்டிலும் முதல் 4 ஜிபி வீதம் ஜோடி சேர்ந்து 8 ஜிபி வரை இரட்டைச் சேனலிலும், மீதி 4 ஜிபி ஒற்றைச் சேனலிலும் இயங்கும். ஆனால் பழையது 1333 என்பதால் புதியதும் 1333-க்கு இறங்கிவிடும். பணம் இடித்தால் இது நல்ல வழியே. 12 ஜிபி பலருக்குப் போதும்.

ஹீட் ஸ்பிரெடர் மாட்டிய கேமிங் ரேம்களில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பெட்டியில் 1600 என்று போட்டிருந்தாலும் சிலவற்றில் அந்த வேகம் எக்ஸ்எம்பி ப்ரொஃபைலில், அதாவது பயாஸில் தனியாக இயக்க வேண்டிய அமைப்பில், மட்டும் இருக்கும். சாதாரண எஸ்பிடி அட்டவணை 1333-லேயே நின்றுவிடும். எக்ஸ்எம்பி வசதி இல்லாத எச்61 பயாஸில் அது 1333-ல்தான் ஓடும். தவிர, அலுமினியத் தகடு சிப்பை மூடியிருப்பதால் எண்ணைப் படிக்கவும் வழியில்லை. இந்த போர்டுக்குத் தகடு இல்லாத பச்சை ரேமே மேல்.

மாட்டும் முன்

பழைய ரேம் இருக்கும்போதே இரண்டு வேலை முடித்துவிட வேண்டும். ஒன்று, சிபியு-இசட் என்ற கருவியைத் திறந்து மெயின்போர்டு பக்கத்தில் மாடல், பயாஸ் பதிப்பு இரண்டையும் குறித்துக்கொள்வது. பயாஸ் மிகப் பழையதாக இருந்தால் புது ரேம் போடும் முன்பே புதிய பதிப்பை ஏற்றிவிட வேண்டும். ரேம் சந்தேகத்தில் இருக்கும்போது பயாஸ் ஏற்றுவது போர்டையே காவு கொடுக்கும் வேலை. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டிஎம்ஐடிகோட் கருவியில் ஸ்லாட் விவரத்தைப் பார்க்கலாம், ஆனால் அது காட்டும் "அதிகபட்சக் கொள்ளளவு" எண்ணை நம்பிவிட வேண்டாம். பயாஸ் எழுதியவர் போட்ட எண் அது, பல போர்டுகளில் தப்பாக இருக்கும்.

இரண்டு, விண்டோஸை முழுமையாக அணைப்பது. விண்டோஸ் 10-ல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட் டவுன் என்பது அரைத்தூக்கம்தான். கெர்னல் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. அதற்கு நடுவில் ரேமை மாற்றினால் எழுந்திருக்கும்போது தடுமாற இடமுண்டு. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுசாக அணையும்.

பிறகு பவர் கார்டைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாதா என்றால், நம் ஊர் வயரிங்கில் எந்த சுவிட்ச் எந்தக் கம்பியை வெட்டுகிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கார்டு செருகியிருக்கும் வரை, மெஷின் அணைந்திருந்தாலும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை போர்டில் ஓடிக்கொண்டே இருக்கும். கார்டைப் பிடுங்கியபின் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் சார்ஜும் வடியும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமை எடுக்கலாம். தங்க நிறக் கான்டாக்டில் விரல் படாமல் ஓரத்தைப் பிடிக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் ரேம் என்றால் கான்டாக்டைச் சுத்தம் செய்தே மாட்ட வேண்டும். கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பது வழக்கம். அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் போகிறது, ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்து புதுத் தொல்லை தருகிறது. 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு இல்லாத துணி போதும். ஸ்லாட்டில் தூசியை பிளோயரால் ஊதி, மெல்லிய பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். ஸ்லாட்டுக்குள் ஊசியோ கத்தியோ விடவே கூடாது.

மாட்டுவதும் சோதிப்பதும்

இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்ட ஆசை வரும். வேண்டாம். முதல் ரேமை மட்டும், பழையது இருந்த அதே ஸ்லாட்டில். ஸ்லாட் காதுகளைத் திறந்து, ரேமின் வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு முனையிலும் கட்டைவிரல் வைத்து நேராக அழுத்த வேண்டும். போர்டு லேசாக வளைவது போல் இருக்கும், பயப்பட வேண்டாம். இரண்டு காதும் தானாக மேலே வந்து பூட்ட வேண்டும். சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டும்தான் காது அசையும். அசையாத முனையை முதலில் இறக்கிவிட்டு மறுமுனையை அழுத்தினால் சரியாக உட்காரும். கான்டாக்டின் தங்கக் கோடு ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் ரேம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

ஆன் செய்ததும் பயாஸுக்குள் போய் 8192 எம்பி, 1600 என்று காட்டுகிறதா பார்க்க வேண்டும். காட்டினால் யூஎஸ்பியில் மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனைக் கருவியைப் போட்டு ஒரு முழுச் சுற்று. 2022-ல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து அது யூஇஎஃப்ஐ முறையிலும் பூட் ஆகிறது, பழைய பயாஸ் முறையிலும் ஆகிறது. ஒரு சுற்று சுத்தமாக முடிந்ததும் அதை எடுத்துவிட்டு இரண்டாவது ரேம், அதே ஸ்லாட்டில், அதே சோதனை. இரண்டும் தேறிய பிறகே ஜோடியாக மாட்டி, இரவு முழுக்க ஓடவிட வேண்டும். ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை பூஜ்யம். "ஒன்றிரண்டு எரர்தானே" என்று விட்டால் அது ஒருநாள் எக்செல் ஃபைலுக்குள் போய் உட்காரும்.

மெம்டெஸ்டில் பிழையைக் காட்டும் சிவப்பு வரி வந்தால் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு ரேம் மட்டும், எந்த ஸ்லாட்டில் போட்டாலும், அதே முகவரியில், அதே பிட்டில் பிழை என்றால் சிப் போய்விட்டது. திருப்பித் தர வேண்டியதுதான். ரேம் எதுவானாலும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் பிழை என்றால் கோளாறு ஸ்லாட்டில் அல்லது சாக்கெட்டில். தனித்தனியே சுத்தம், ஜோடியாகப் போட்டால் மட்டும் பிழை என்றால் பயாஸில் வேகத்தை 1333-க்கு இறக்கியோ, கமாண்ட் ரேட்டை 2டி ஆக்கியோ பார்க்கலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். மெம்டெஸ்ட்86 என்ற இன்னொரு கருவியில் கடைசியாக வரும் ஹாமர் சோதனையில் மட்டும் எச்சரிக்கை வந்தால் பதற வேண்டாம். ஒரே வரிசையை மிக வேகமாகத் திரும்பத் திரும்ப அணுகிப் பக்கத்து வரிசையின் பிட்டைப் புரட்டும் சோதனை அது. டிடிஆர்3 சிப்புகள் பலவற்றுக்கு இந்தப் பலவீனம் உண்டு. வாரண்டியில் திருப்பித் தர இது மட்டும் காரணமாகாது.

ஜோடி தேறியதும் விண்டோஸில் சிபியு-இசட் மெமரி பக்கத்தில் சேனல் "டூயல்" என்றும், டிரேம் அலைவரிசை 800 மெகாஹெர்ட்ஸ் அளவிலும் இருக்க வேண்டும். 800-ஐப் பார்த்து ரேம் பாதி வேகத்தில் ஓடுவதாகப் புகார் சொல்பவர்கள் நிறைய. டிடிஆர் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை டேட்டா அனுப்புவதால் 800 என்பதே 1600. எஸ்பிடி பக்கத்தில் ரேம் கம்பெனி, பகுதி எண், ரேங்க், தயாரித்த வாரம் எல்லாம் வரும். அதில் ஒரு கம்பெனி, லேபிளில் வேறு கம்பெனி என்றால் லேபிள் மாற்றி ஒட்டிய சரக்கு.

டிஸ்ப்ளே வராவிட்டால்

கேபினட் ஸ்பீக்கர் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவது. சின்ன பஸ்ஸர் ஒன்று வாங்கி போர்டின் ஸ்பீக்கர் பின்னில் செருகிவிட வேண்டும். ரேமே இல்லாமல் ஆன் செய்தால் பீப் வர வேண்டும். அப்போதும் மௌனம் என்றால் ரேமைக் குறை சொல்லிப் பயனில்லை. ப்ராசசர், பவர் சப்ளை, போர்டு பக்கம் பார்க்க வேண்டும்.

ரேம் இல்லாதபோது பீப் வருகிறது, ரேம் போட்டால் அதே பீப் தொடர்கிறது என்றால் முதலில் கழற்றி மாட்டுதல், அடுத்து கான்டாக்ட் சுத்தம், அடுத்து மறு ஸ்லாட். அதற்கும் மசியாவிட்டால் சிமாஸ் (பயாஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் இடம்) அழிப்பு: கார்டைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு மாட்டுவது, அல்லது போர்டில் உள்ள சிமாஸ் ஜம்பரை மாற்றி வைப்பது. பழைய ரேமுக்காகக் கையால் வைத்த டைமிங் எதுவும் இருந்தால் இதில் போய்விடும்.

பழைய ரேம் ஒரு ஸ்லாட்டில் ஓடுகிறது, மறு ஸ்லாட்டில் எந்த ரேமும் எடுக்கவில்லை என்றால் சந்தேகம் ப்ராசசர் சாக்கெட்டின் மேல். 1155-ல் பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. ஒரு பின் வளைந்தால்கூட ஒரு சேனல் முழுவதும் காணாமல் போகலாம். கூலரின் நாலு கால்களில் ஒன்று சரியாகப் பூட்டாமல் ப்ராசசர் ஒரு பக்கம் சாய்ந்து அழுந்தினாலும் இதே அறிகுறி வரும். கூலரை எடுத்துப் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, ப்ராசசரையும் எடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியில் பின் வரிசையைச் சாய்கோணத்தில் பார்த்தால் வளைந்தது பளிச்சென்று தெரியும். ரேம் மாற்றும் முன் இந்தக் காலி ஸ்லாட்டில் பழைய ரேமைப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் புது ரேமின் மேல் பழி விழாது. வருடக்கணக்காகக் காலியாகக் கிடந்த ஸ்லாட் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

செகண்ட் ஹேண்ட் கடைகளில், ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் வேறெங்கானாலும், "டெஸ்டிங் வாரண்டி" என்று சில நாள் தருவார்கள். அந்தக் காலத்துக்குள் மெம்டெஸ்ட் முடித்துவிட வேண்டும். வாங்கும் இடத்திலேயே லேபிளையும் சிப் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் மாற்றும்போது "இது நாங்கள் கொடுத்ததில்லை" என்ற பேச்சு எழாது.

16 போட்டும் 16 தெரியாவிட்டால்

பயாஸில் 16384 எம்பி வந்து விண்டோஸில் குறைந்தால் கோளாறு விண்டோஸ் பக்கம். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்குள்தான் காட்டும். 64 பிட்டிலும் விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 8 ஜிபியோடு நிற்கும், ஹோம் பிரீமியம் 16 வரை போகும். இரண்டும் இல்லையென்றால் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பக்கம், அட்வான்ஸ்டு ஆப்ஷனில் "அதிகபட்ச மெமரி" என்ற கட்டத்தில் யாராவது டிக் அடித்து வைத்திருக்கிறார்களா பார்க்க வேண்டும். "மெஷினை வேகமாக்கும் டிப்ஸ்" வீடியோ பார்த்துச் செய்து வைத்த வேலையாக இருக்கும். டிக்கை எடுத்தால் போதும். சில நூறு எம்பி மட்டும் குறைவது கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கியது, அது இயல்பு.

இன்னொன்று, ரேம் கூடியதும் சி டிரைவில் இடம் குறையும். விண்டோஸ் 10-ல் ஹைபர்னேஷன் ஃபைல் ரேமில் 40 சதவீதம் அளவுக்கு இருக்கும். 16 ஜிபிக்கு 6.4 ஜிபி. ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலும் கூடவே வளரலாம். 240 ஜிபி எஸ்எஸ்டியில் இது தெரியாது. 120 ஜிபி என்றால் ஹைபர்னேட் வசதியே தேவையில்லாதவர்கள் அதை அணைத்துவிடலாம், அந்த ஃபைல் முழுசாகப் போய்விடும். பேஜ் ஃபைலை மட்டும் பூஜ்யமாக்க வேண்டாம். 16 ஜிபி இருந்தாலும் சில மென்பொருள்கள் அதை எதிர்பார்க்கின்றன.